மீன்தொட்டிக்குப் போட்ட யூரியா

சில்வஸ்டரைச் சும்மா இருக்கச் சொல்வதைவிட மலையைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்வது சுலபம். கீழ் கோத்தகிரிச் சரிவில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவர் ஃபீல்டு ஆபீசர். மீசை முளைத்த வயதில் மருந்தடிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக உள்ளே வந்து, படிப்படியாக ஏறி இந்த உத்தியோகத்தைப் பிடித்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியில்கூட, ரோட்டோரத் தேயிலைச் செடிமேல் கொடி படர்ந்திருந்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் நகர்வார். வெள்ளைச் சட்டையில் பச்சைக் கறையோடு கோயிலுக்குள் நுழையும் ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். அவருடைய மனைவி ஐவி கோத்தகிரியில் டீச்சர். அந்தக் கறையைத் துவைத்துத் துவைத்தே அவளுக்குக் கை ஓய்ந்துபோனது.

உரம் போடுவதில்தான் மனுஷனுக்குப் பெரிய பெயர். எந்த மூலையில் இலை வெளுக்கிறது என்று ஜீப்பில் போகும்போதே சொல்லிவிடுவார். மண் ஈரத்தைக் கையில் பிடித்துப் பார்த்து, இன்றைக்கா நாளைக்கா என்று தீர்ப்புச் சொல்வார். "இலைப் பயிருக்கு யூரியாதான் சோறு. பொட்டாஷ் குழம்பு. ஜிங்க் சல்பேட் ஊறுகாய். சோறு போடாம ஊறுகாயத் தொட்டு நக்கச் சொன்னா எவன் வேலை செய்வான்?" என்பார். புதிதாக வேலைக்கு வருகிற சூப்பர்வைசர்கள் எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

அப்படிப்பட்டவருக்கு டிசம்பரோடு ரிட்டயர்மென்ட். எஸ்டேட்டில் ரிட்டயர்மென்ட் என்றால் மாலை போட்டு, போட்டோ எடுத்து, குவார்ட்டர்ஸ் சாவியைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். வேலை போன கையோடு வீடும் போய்விடும். ஆனால் ஒரு வழி உண்டு. மேனேஜர் மனசு வைத்து ஹெட் ஆபீசில் பேசினால் எக்ஸ்டென்ஷன் கிடைக்கும். வேலையும் இருக்கும், குவார்ட்டர்ஸும் இருக்கும். சில்வஸ்டர் அந்த எக்ஸ்டென்ஷனைக் கேட்டு வைத்திருந்தார். மேனேஜர் கமலேஷுக்கு இன்னும் தலையில் ஒரு நரைகூட இல்லை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஃபீல்டுக்கு வருவார். ஆனாலும் எஸ்டேட்டில் மேனேஜர் என்றால் துரைதான். "பேசிப் பாக்கறேன், சில்வஸ்டர்" என்று துரை சொல்லியிருந்தார்.

இதற்கிடையில் ஐவி சும்மா இருக்கவில்லை. கோத்தகிரியில் கோயிலுக்கும் அவள் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டாள். அலன் என்பவருடைய வீடு. இரண்டு ரூம், முன்னால் பத்து ரோஜாச் செடி வைக்கிற அளவுக்கு மண். கல்யாணமாகிப் போன மகள் பிள்ளையோடு வந்தால் படுக்க இடம் உண்டு. மலையில் இந்தக் காலத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பதென்ன லேசுப்பட்ட காரியமா? எல்லாவற்றையும் டூரிஸ்டுக்கு விட்டுவிடுகிறார்கள்.

"ஏனுங்க, அலன் நல்ல மனுஷன். நமக்கோசரம் கொஞ்ச நாள் நிறுத்தி வெக்கறேன்னு சொல்றாரு. அட்வான்ஸக் குடுத்துப் பூட்டி வெச்சுக்கலாமுங்களா?"

"எதுக்கு? எக்ஸ்டென்ஷன் வந்துட்டா பூட்டுன ஊட்டுக்குச் சும்மா வாடகை கட்டறதா? துரை லீவு முடிஞ்சு வரட்டும். வந்து பேசிக்கலாமின்னு சொல்லியிருக்காரு."

துரைக்குத் தங்கை கல்யாணம், பெங்களூரில். லீவில் போவதற்கு முந்தின நாள் சில்வஸ்டரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால் ஹாலில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் உருண்டை உருண்டையாய்க் கறுப்பு மண். அதன்மேல் கல்லும் மரக்கட்டையும் மலைச்சரிவு மாதிரி அடுக்கியிருந்தது. ஊடே சின்னச் சின்னப் பச்சைச் செடிகள். மேலே வெள்ளை விளக்கு. மூலையில் ஒரு சிறு சிலிண்டரிலிருந்து செடிகளுக்குக் கரியமில வாயு முத்து முத்தாய்ப் போய்க்கொண்டிருந்தது. குண்டூசி நீளத்தில் சிவப்பும் நீலமுமாய் மீன்கள்.

"போன வாரம்தான் செட் பண்ணினேன். அவசரப்பட்டு மீனையும் விட்டுட்டேன்" என்றார் துரை. "எஸ்டேட்ல உரம் தெரிஞ்ச ஆள்னா நீங்கதானே? நான் வர்ற வரைக்கும் இதைப் பாத்துக்கங்க. வாரத்துக்கு ஒரு தடவை பாதித் தண்ணிய மாத்திட்டு, இந்த பாட்டில்லேர்ந்து ஒரு மூடி உரம் ஊத்துங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

"சரிங்க துரை. அந்த எக்ஸ்டென்ஷன் விசயமுங்க..."

"வந்து பேசிக்கலாம், சில்வஸ்டர்." துரை தொட்டியைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார்.

சில்வஸ்டர் பங்களாப் படி இறங்குவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். துரை சும்மாவா கொடுப்பார்? கிழவனுக்குக் கை இன்னும் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. திரும்பி வரும்போது தொட்டி பச்சைப் பசேலென்று நின்றால் எக்ஸ்டென்ஷன் கையில். இதை யார் சொன்னது? ஒருத்தரும் சொல்லவில்லை. அவரே கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

நாலு நாள் ஒழுங்காகப் போனது. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், மரக்கட்டை ஓரத்துச் செடிகளில் இலை மஞ்சளடித்திருந்தது. மறுநாள் அந்த இலை கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கூழாய்க் கரைந்தது. அதற்கடுத்த நாள் பக்கத்துச் செடிக்கும் பரவியது. கல்மேல் தவிட்டு நிறத்தில் ஒரு பாசி படிந்தது.

பங்களாச் சமையல்காரர் மூக்கன் தோளில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஐயா, மசிச்ச கீரையாட்டம் ஆயிப்போச்சுங்களே. தாளிச்சு எறக்கிரலாமுங்களா?"

"உன்ற வேலையப் பாருய்யா" என்று எரிந்து விழுந்தார் சில்வஸ்டர். துரைக்குப் போன் போட்டார். பின்னால் நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

"துரை, செடியெல்லாம் அழுகுதுங்க."

"அது அப்படித்தான், சில்வஸ்டர். புதுத் தொட்டியில எல்லாருக்கும் வர்றதுதான். நர்சரியில தண்ணிக்கு வெளிய வளர்ந்த இலை, தண்ணிக்குள்ள நிக்காது. அது உதிர்ந்து புதுசா வரும். சும்மா விடுங்க."

"சும்மா விடறதுங்களா?"

"ஆமா, சும்மா விடுங்க. வெய்ட் பண்ணுங்க." போன் கட்டாகிவிட்டது.

சும்மா விடுவதாம்! இத்தனை வருஷத்தில் மஞ்சள் இலையைப் பார்த்துவிட்டுக் கைகட்டி நின்றது உண்டா? அன்றைக்குப் பூராவும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஃபீல்டில் இலை பறிக்கிற பெண்கள்மேல் காரணமில்லாமல் பாய்ந்தார். வீட்டுக்கு வந்து ஐவியிடம் காபி ஆறிவிட்டது என்று சண்டை பிடித்தார். காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

மறுநாள் அந்த உர பாட்டிலைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, பொடி எழுத்தைப் படித்தார். பொட்டாஷ் இருந்தது. இரும்பு, மாங்கனீசு, ஜிங்க், அது இது என்று ஒரு பட்டாளமே இருந்தது. நைட்ரஜன் மட்டும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இல்லை!

"அடப் பாவிகளா! நைட்ரஜன் இல்லாம இதெல்லாம் ஒரு உரமா? ஊறுகாய மட்டும் பாட்டில்ல அடைச்சு வித்துருக்கானுகளே!"

மூக்கனைக் கூப்பிட்டுக் காட்டினார். மூக்கனுக்கு என்ன தெரியும்? "ஆமாமுங்க, திருட்டுப் பசங்க" என்று தலையாட்டி வைத்தார்.

அவ்வளவுதான், சில்வஸ்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செடி பட்டினி கிடக்கிறது. துரை சின்னப்பிள்ளை, பாட்டில்காரன் சொன்னதை நம்பிவிட்டார். ஸ்டோருக்குப் போய் ஒரு காகிதப் பொட்டலத்தில் யூரியா கட்டிக்கொண்டு வந்தார். ஜவ்வரிசி மாதிரி வெள்ளைக் குருணை. கிள்ளி எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். முதல் தடவை பயந்துகொண்டே கொஞ்சம்தான் ஊற்றினார். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஒரு செடியின் நுனியில் இளம்பச்சையாய் ஒரு தளிர். ஆஹா! மனுஷன் பங்களா ஹாலில் கைதட்டினார். துரை சொன்ன மாதிரி அது தானாகவே வர வேண்டிய தளிராகவும் இருந்திருக்கலாம். அதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா இருந்தார்? இந்தத் தடவை பொட்டலத்தைத் தாராளமாகவே கவிழ்த்தார்.

அன்று சாயந்திரம் ஐவி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள். "அலன் இன்னிக்கும் வந்து கேட்டுட்டுப் போனாருங்க. கூடலூர்ல இருந்து ஒரு பேங்க்காரர் ஊட்டப் பாத்துட்டுப் போயிருக்காராம். இந்த வாரம் சொல்லாட்டி குடுத்துருவேங்கறாரு."

"பூச்சாண்டி காட்டறான், வுடு."

"அவரு எதுக்குங்க நமக்குப் பூச்சாண்டி காட்டறாரு? ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க. அட்வான்ஸ் நான் குடுத்துக்கறேன்."

"ஐவி, தொட்டி பச்சை பிடிக்க ஆரம்பிச்சுருச்சு. துரை வந்து பாத்தாருன்னா அடுத்த நிமிசம் போனப் போடுவாரு, ஹெட் ஆபீசுக்கு. அவசரப்படாத."

ஐவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான்.

தொட்டி பச்சை பிடித்ததென்னவோ உண்மை. ஆனால் செடி பிடிக்கவில்லை, தண்ணீர் பிடித்தது! முதலில் கண்ணாடியில் லேசான ஒரு பச்சைப் பூச்சு. அடுத்த நாள் பின்னாலிருக்கும் கல் தெரியவில்லை. அதற்கடுத்த நாள் முன்னாலிருக்கும் கல்லும் தெரியவில்லை. தொட்டி முழுக்கப் பச்சைப்பயறு அரைத்துக் கலக்கிவிட்ட மாதிரி நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. ஒன்று மல்லாந்து மிதந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே குரங்குகூடத் தேறவில்லை.

சில்வஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூக்கனும் அவருமாக வாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு வெளியே கொட்டினார்கள். புதுத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு நாள் தெளிந்தால் மறுநாள் திரும்பப் பச்சை. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. மீன்களைச் சல்லடையில் பிடித்து ஒரு பாத்திரத்துக்கு மாற்றினார்கள். பிழைத்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. செத்ததையெல்லாம் மூக்கன் ரோஜாச் செடி அடியில் புதைத்தார்.

"இது கெரகமுங்க ஐயா. நல்லா இருந்த மனுசனக் கொண்டாந்து இந்தத் தொட்டிக்குள்ள தள்ளிவுட்டுட்டாங்க" என்றார் மூக்கன். இந்தத் தடவை அவர் கிண்டல் பண்ணவில்லை.

"யாரும் தள்ளலய்யா. நானாத்தான் வுழுந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஈரக் காற்சட்டையோடு ஹால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் சில்வஸ்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. தேயிலையில் ஒரு தடவை உரம் தப்பினால் அடுத்த மழைக்குச் சரிக்கட்டலாம். இங்கே என்ன செய்வது, யாரைக் கேட்பது? மண்டையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது. துரைக்குப் போன் போட இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் வைத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் அலன் வீட்டுக்குக் கூடலூர் பேங்க்காரர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ஐவி அதை வந்து சொன்னபோது சத்தம் போடவில்லை. "குடுத்துட்டாருங்க" என்று ஒரே வார்த்தைதான். சில்வஸ்டர், "போனாப் போகுது, எக்ஸ்டென்ஷன் வந்துருச்சுன்னா நமக்கெதுக்கு அந்த ஊடு" என்றார்.

துரை வந்தார். சில்வஸ்டர் காலையிலேயே பங்களாவில் போய் நின்றார். பொய் சொல்கிற ஆளில்லை அவர். பாட்டில் படித்தது, யூரியா கொண்டுவந்தது, இரண்டாம் தடவை கவிழ்த்தது, மீன் செத்தது எல்லாவற்றையும் நின்றபடியே ஒப்பித்தார். துரை தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு, நம்புவீர்களோ மாட்டீர்களோ, சிரித்தார்.

"யூரியாவா! விடுங்க, சில்வஸ்டர். எனக்கே இது மூணாவது தொட்டி. முதல் ரெண்டும் இதைவிட மோசம்" என்றார். "இந்தக் கறுப்பு மண் இருக்கே, இதுலயே நைட்ரஜன் வேணுங்கற அளவுக்கு மேல இருக்கு. புதுசுல அதுவே கசிஞ்சுக்கிட்டிருக்கும். அதனாலதான் பாட்டில்ல போடறதில்ல. நான் அதை உங்ககிட்ட சொல்லியிருக்கணும். எல்லாத்தையும் எடுத்துட்டுத் திரும்பப் போட்டாப் போச்சு."

சில்வஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோபமே இல்லையே! "ரொம்ப சந்தோசமுங்க துரை. அப்புறம், அந்த எக்ஸ்டென்ஷன்..."

துரை எழுந்து நின்றார். கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"ஹெட் ஆபீஸ்ல முடியாதுன்னுட்டாங்க. இனிமே யாருக்கும் கிடையாதாம். நான் எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன்."

"எப்பங்க துரை சொன்னாங்க? இப்ப வர்ற வழியிலயா?"

"இல்ல. நான் லீவுக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. அன்னைக்கே உங்ககிட்ட சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன். உங்க முகத்தைப் பாத்ததும் வாய் வரல. கல்யாண வீட்டுக்குப் போற நேரத்துல எதுக்குன்னு... நீங்களும் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கலாமேன்னுதான்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ துரைமாரைப் பார்த்தவர் சில்வஸ்டர். ஒருத்தர் முன்னாலும் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினார். அடுப்படியிலிருந்து மூக்கன் கரண்டியோடு ஓடிவந்து கதவோரம் நின்றுவிட்டார்.

"நிம்மதியாவா? என்ன துரை பேசறீங்க? சோறு தண்ணியில்லாம இந்தச் சனியன் முன்னாடி உக்காந்திருந்தேனுங்க! இது பச்சையாச்சுன்னா என்ற பொழப்பும் பச்சையாகுமின்னு கிறுக்கனாட்டம் நம்பிட்டிருந்தேன். என்ற ஊட்டுக்காரி ஒரு ஊடு பாத்து வெச்சு, தெனமும் கேட்டாளுங்க. துரை வரட்டும், துரை வரட்டும்னு அவ வாய அடைச்சேன். அந்த ஊடு போயிருச்சு துரை! மண்ணுல உரமிருக்குதுன்னும் சொல்லல, எனக்கு வேலையில்லைன்னும் சொல்லல. ரெண்டுல ஒண்ணாவது சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "சாரி, சில்வஸ்டர். தப்புதான்" என்றார். "குவார்ட்டர்ஸ்ல இன்னும் ரெண்டு மாசம் கூட இருந்துக்கங்க. அது என் பொறுப்பு."

சில்வஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். வழியெல்லாம் இரண்டு பக்கமும் அவர் உரம் போட்டு வளர்த்த தேயிலை. அன்றைக்கு அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வீட்டில் ஐவி பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சில்வஸ்டர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். துரையைத் திட்டினார், ஹெட் ஆபீசைத் திட்டினார், கறுப்பு மண்ணைக்கூடத் திட்டினார். ஐவி பேனாவை மூடி வைத்தாள்.

"எக்ஸ்டென்ஷன் வேணுமின்னு நான் என்னிக்காச்சும் கேட்டனுங்களா?"

"இல்ல."

"ஒரு ஊடுதானுங்க கேட்டேன்."

சில்வஸ்டர் மேஜைமேல் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஐவி கையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து பொடித்தூறல். உரம் போட அதைவிட நல்ல நாள் கிடையாது. எட்டு மணிக்குள் துரையிடமிருந்து போன் வந்தது. பேச்சு தயங்கித் தயங்கி வந்தது.

"சில்வஸ்டர், மேல் ஃபீல்டுல மண் நல்லா நனைஞ்சிருக்கு. மூட்டையெல்லாம் லாரியில ஏத்தியாச்சு. ஆளுங்க உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க. வந்துடறீங்களா?"

சில்வஸ்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் குடை. ஐவி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கோத்தகிரி பஸ் கீழ் வளைவில் ஹாரன் அடித்தது.

"நான் இன்னிக்கு வர்றதுக்கில்லீங்க துரை" என்றார். "ஊடு பாக்கப் போறோம்."